நான்கு பேய்களை விரட்டிய பிஷப்

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. அதன் கரையில் தோணிரேவு போன்ற சிற்றூர்கள் இருக்கின்றன. தோணியும் வலையும்தான் ஏரிக்கரை மக்களுக்குச் சோறு போடுகின்றன.

பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் காலந்தொட்டு மாதா கோயில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குப் போகும் வழக்கமும் அன்று தொட்டு உண்டு.

ஞாயிறு சரி. மற்ற ஆறு நாள்?

கோயிலில் கும்பிட்ட கடவுள் நம்மோடு வீட்டுக்கு வருகிறாரா? அடுப்படிக்கு வருகிறாரா? தண்ணீர்ப் பானையை எட்டிப் பார்க்கிறாரா? மாலையில் கூலியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கூடவே நடக்கிறாரா?

எந்தச் சமயத்தாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்குத் தம் வாழ்நாள் முழுவதும் பதில் சொன்னவர் ஒரு தமிழர்.

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயில் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் சென்று, பெஜவாடா என்னும் விஜயவாடாவையும் தாண்டித் தெலுங்கு நாட்டுக்குள் குடியேறியவர் அவர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலத் திருச்சபையில் பிஷப், அதாவது அத்தியட்சர், ஆன முதல் இந்தியர் அவரே.

பனங்காட்டுப் பிள்ளை

1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி அசரியா பிறந்தார். ஊர் வெள்ளாளன்விளை. அன்று திருநெல்வேலி ஜில்லா. இன்று தூத்துக்குடி மாவட்டம்.

தந்தை தாமஸ் வேதநாயகம் ஒரு குருவானவர். தாய் எலன் அம்மையார் கண்டிப்பானவர். பள்ளிப் பருவத்திலேயே அசரியா தந்தையை இழந்தார். தாயின் ஜெபமும் கண்டிப்பும் அவரை வளர்த்தன.

அது செம்மண் தேரியும் பனை மரமும் நிறைந்த சீமை. பனையைப் பற்றி அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி, குடும்பத்துக்கு வருமானம். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிறது. அது குடும்பத்தின் வருமானத்தைக் குடிக்கிறது.

மரத்தில் குற்றம் இல்லை. வேண்டியது ஒரு விரல் சுண்ணாம்பு. மனிதனின் வாழ்க்கைக்கும் அப்படி ஒன்று வேண்டும். சமய நம்பிக்கைதான் அது என்று கருதி வாழ்ந்தவர் அசரியா.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1895-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர்களில் ஒருவரானார். ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் பேசுவதே வேலை.

1898-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் அன்பு மரியம்மாள். பெண்கள் கல்லூரிப் படியேறுவது அபூர்வமாக இருந்த காலத்தில் கல்லூரியில் படித்தவர். ஆடம்பரம் இல்லாத எளிய திருமணம். கல்யாணச் செலவால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைப் பின்னாளில் கண்டித்தவர், முதலில் தம் கல்யாணத்தில் அதைச் செய்து காட்டினார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எண்ணம்

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே ஒரு காட்சி அவர் மனத்தைத் தைத்தது.

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, தங்கள் ஆட்களைத் தமிழ்நாட்டுக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ பெரிய சபை இருந்தது. அது வெளியே யாரையும் அனுப்பவில்லை. எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரர் கையை எதிர்பார்த்தது. அசரியா வெட்கப்பட்டார்.

ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம். அதுவே அதன் கொள்கை.

சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். நைஜாம் சமஸ்தானத்தில் வாரங்கல் பக்கம் இருந்த சிற்றூர். இன்று தெலங்கானாவில் இருக்கிறது. மொழி வேறு, அரசு வேறு. அந்தக் காலத்துத் திருநெல்வேலிக்காரருக்கு அது வெளிநாடு போலத்தான்.

மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருக்க அசரியாவுக்கு மனம் வரவில்லை. தெலுங்கு படித்தார். 1909-இல் குருப்பட்டம் பெற்றார். மனைவி மக்களுடன் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார்.

கல்கத்தாவில் ஒரு நாள்

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வெள்ளைக்காரப் பெரியவர்கள் நிறைந்த சபையில் அசரியா எழுந்து பேசினார். நீங்கள் எங்களுக்குப் பணமும் உழைப்பும் தருகிறீர்கள், ஆனால் நண்பர்களாக ஏற்க மறுக்கிறீர்கள் என்ற கருத்தை அஞ்சாமல் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். பலர் தலை குனிந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவருக்குப் பிஷப் பட்டம் சூட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 38. இந்தியர் ஒருவருக்கு இந்தப் பதவியா என்று எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. வேலையால் சொன்னார்.

தோர்ணக்கல் மண்டலம் முதலில் சிறியது. பின்பு கிருஷ்ணா ஜில்லாப் பகுதிகளும் சேர்ந்து விரிந்தது. 1930-களில் அதன் சபையார் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது.

யார் அந்த 2 லட்சம் பேர்? பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். சொந்த நிலம் இல்லை. எழுத்து தெரியாது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை.

இவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்றினால் போதுமா? போதாது என்றார் அசரியா.

நான்கு பேய்கள்

கிராம மக்கள் பேய்க்கு அஞ்சினார்கள். மரத்துப் பேய், சுடுகாட்டுப் பேய் என்று நடுங்கினார்கள். அசரியா அவர்களுக்கு வேறு நான்கு பேய்களைக் காட்டினார்.

ஒன்று அழுக்கு. இரண்டு நோய். மூன்று கடன். நான்கு குடி.

இந்த நான்கும் மரத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கின்றன. இவற்றை ஓட்ட மந்திரவாதி வேண்டாம். கடவுள் நம்பிக்கையும் மன உறுதியும் ஒற்றுமையும் வேண்டும். இதுவே அவர் போதனை.

நான்கும் கைகோத்து நிற்பவை என்பதை அவர் அறிந்திருந்தார். அழுக்கு இருந்தால் நோய் வரும். நோய் வந்தால் கூலி போகும். கூலி போனால் கடன் வரும். கடன் வந்தால் கவலை வரும். கவலையை மறக்கக் கள்ளுக்கடை கூப்பிடும். குடித்த வீட்டில் மறுபடியும் அழுக்கு; மறுபடியும் நோய். செக்கு மாடு போலச் சுற்றி வரும் துன்பம் இது.

எனவே ஒரு பேயை மட்டும் விரட்டிப் பயனில்லை. நான்கையும் சேர்த்து விரட்ட வேண்டும்.

அழுக்கும் நோயும்

ஏழை அழுக்காக இருக்கிறான் என்று சொல்வது எளிது. ஏன் என்று கேட்பவர் குறைவு.

ஊர்க் கிணறு மறுக்கப்பட்டவன் குட்டையில் தண்ணீர் எடுப்பான். மாடு குளிக்கும் குட்டை அது. அதையே குடிப்பான். காலராவும் நரம்புச் சிலந்தியும் அந்தத் தண்ணீரில் வந்தன. மாடு நோயில் செத்தால் அந்த இறைச்சி சேரிக்குத் தள்ளப்பட்டது. பசி அதைத் தின்ன வைத்தது.

சபையில் சேர்ந்தவர்கள் முதலில் கைவிட்டவற்றுள் ஒன்று இந்தச் செத்த மாட்டு இறைச்சி. உணவு மாற்றம் மட்டுமல்ல இது. நாங்களும் மனிதர்கள், பிறர் ஒதுக்கியதைத் தின்ன மாட்டோம் என்ற தன்மான அறிவிப்பும் ஆகும்.

உடல் கடவுளின் ஆலயம் என்பது பவுல் அடிகளின் போதனை. ஆலயத்தை யாராவது குப்பையாக வைத்திருப்பார்களா? குளிப்பதும், துணி துவைப்பதும், முற்றம் பெருக்குவதும், தண்ணீரைச் சுத்தமாக வைப்பதும் வழிபாட்டின் பகுதிகளே என்று பிஷப் கற்பித்தார். நோயாளிகளுக்காக மண்டலத்தில் மருத்துவ நிலையங்கள் நடந்தன. மருந்து வேறு, ஜெபம் வேறு என்று அவர் பிரிக்கவில்லை.

ஓய்வு நாளும் உடல்நலமே. ஞாயிறன்று வயலுக்கு வரமாட்டோம், அது வழிபாட்டு நாள் என்று கூலிகள் சொல்லத் தொடங்கினார்கள். பண்ணையார்களுக்குக் கோபம் வந்தது. சில இடங்களில் பெரும் தகராறு நடந்தது. ஆனாலும் ஏழு நாளும் மாடாய் உழைத்த உடலுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது.

கடன் என்னும் கயிறு

கடன் ஏழையின் கழுத்துக் கயிறு. கல்யாணம், சாவு, திருவிழா என்று எதற்கும் கடன். கடன் வாங்கியவன் பண்ணையில் அடிமை போல உழைப்பான். அவன் தீர்க்காததை மகன் தீர்க்க வேண்டும்.

படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டிய நிலையைக் கடற்கரை மக்களும் அறிவார்கள். வயலானாலும் தண்ணீரானாலும் கடன் செய்யும் வேலை ஒன்றே.

அசரியா இதற்கு இரண்டு மருந்து வைத்தார். ஒன்று எழுத்து, மற்றொன்று கூட்டுறவு.

சேரிதோறும் உபதேசியாரை வைத்தார். 1930-களின் நடுவில் தோர்ணக்கல் மண்டலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கிராம உபதேசியார்கள் இருந்தார்கள். உபதேசியாரே வாத்தியார். அவர் ஜெபமும் நடத்துவார். எழுத்தும் சொல்லிக் கொடுப்பார்.

எழுத்துத் தெரிந்தவன் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பான். 10 ரூபாய்க் கடன் சீட்டில் 100 ரூபாய் என்று எழுதி அவனை ஏமாற்ற முடியாது. வேதம் படிக்கக் கற்ற அதே எழுத்து, கடன் சீட்டையும் படிக்க உதவியது.

கூட்டுறவுச் சங்கங்களும் நடந்தன. பலர் சேர்ந்து சிறுகச் சேமித்து, தேவைப்பட்டவருக்குக் குறைந்த வட்டியில் கொடுப்பது கூட்டுறவின் முறை.

கொடுத்துப் பழகவும் பிஷப் சொன்னார். இல்லாதவனிடம் கொடு என்று கேட்கலாமா என்று சிலர் நினைத்தார்கள். கொடுக்க முடிந்தவன் பிச்சைக்காரன் அல்லன் என்று அவர் நினைத்தார். ஏழைக் குடும்பங்களும் தங்கள் பங்கைக் கொடுத்தன. கை நீட்டிப் பழகியவர்கள் கை நிறையக் கொடுக்கக் கற்றார்கள்.

கூடிக் கைவிட்ட குடி

நான்கு பேய்களில் கொடியது குடி.

தெலுங்கு நாட்டிலும் பனையும் ஈச்சமரமும் ஏராளம். கல்யாணத்தில் கள் ஊற்றாவிட்டால் விருந்தே இல்லை. சாவு வீட்டிலும் கள், திருவிழாவிலும் கள். நைஜாம் அரசாங்கத்துக்கோ கள், சாராய வரி பெரிய வருமானம். கடையை மூட அதற்கு ஆசை இராது.

ஒரு மனிதன் மட்டும் குடியை விட்டால் என்ன ஆகும்? கூட்டாளிகள் கேலி செய்வார்கள். நான்கு நாளில் மறுபடியும் கடைக்குப் போவான். சேரி முழுவதும் சேர்ந்து விட்டால்? கேலி செய்ய ஆள் இல்லை. கூப்பிடவும் ஆள் இல்லை.

தோர்ணக்கல் மண்டலத்தில் மக்கள் தனித்தனியாகச் சபைக்கு வரவில்லை. குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக வந்தார்கள். இந்த ஒற்றுமையே குடியை எதிர்க்க ஆயுதமாயிற்று. தவறியவரை அழைத்துப் புத்தி சொல்லச் சபைப் பஞ்சாயத்து இருந்தது.

இன்னொன்றும் அசரியாவுக்குத் தெரியும். ஏழையிடமிருந்து கள்ளை மட்டும் பிடுங்கினால் அவன் வாழ்க்கையில் மகிழ்ச்சியே இராது. அந்த இடத்தில் வேறு மகிழ்ச்சியை வைக்க வேண்டும்.

எனவே சபையிலே திருவிழாக்கள் நடந்தன. அறுவடைக் காலத்தில் தானியமும் காய்கனியும் கொண்டுவந்து படைத்தார்கள். நாட்டு மெட்டில் தெலுங்குப் பாட்டுகள் முழங்கின. கள் இல்லாமலும் பாடலாம், ஆடலாம், விருந்துண்ணலாம் என்பதை மக்கள் கண்டார்கள்.

அன்பு மரியம்மாளின் பங்கு

குடி குறைந்தால் முதலில் சிரிப்பவள் வீட்டுக்காரி. அழுக்கை விரட்டத் துடைப்பம் எடுப்பவளும் அவளே. பெண்கள் மாறாமல் வீடு மாறாது.

இந்தப் பணியில் பிஷப்புக்கு வலக்கையாக இருந்தவர் மனைவி அன்பு மரியம்மாள். ஊர் ஊராகப் பெண்களிடம் சென்றார். தெலுங்கில் பேசினார். குழந்தை வளர்ப்பும் வீட்டுச் சுத்தமும் ஜெபமும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்.

பிஷப்பும் அரண்மனையில் உட்கார்ந்திருக்கவில்லை. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களைச் சுற்றினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், என் விசுவாசத்தை அறிவிக்க வேண்டியவன் என்ற பொருளில் உறுதிமொழி சொல்லச் செய்வார். படிப்பில்லாத கிழவிக்கும் அன்று தன் பொறுப்பு தெரிந்தது.

ஊர் பார்த்தது

சேரியை ஊர் பார்த்துக்கொண்டேயிருந்தது. நேற்றுக் குடித்துச் சண்டையிட்டவன் இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறான். முற்றம் சுத்தமாக இருக்கிறது. மாலையில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. இது எப்படி?

1930-களில் அந்தப் பகுதியில் சாதி இந்துக்கள் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள். பிரசங்கத்தைக் கேட்டு வந்தவர்களைவிட, சேரி மக்களின் வாழ்க்கை மாறியதைக் கண்டு வந்தவர்கள் பலர்.

எல்லாம் நிறைவேறிவிட்டதா? இல்லை. சபைக்குள்ளேயே மாலாக்களுக்கும் மாதிகாக்களுக்கும் இடையே பழைய வேற்றுமை தலைகாட்டியது. குடிக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள். பிஷப் இறுதிவரை போராட வேண்டியிருந்தது. துரத்திய பேய் திரும்பி வரப் பார்க்கும். காவல் ஓயக் கூடாது.

மதமாற்றம் பற்றி மகாத்மா காந்திக்கும் அசரியாவுக்கும் ஆழ்ந்த கருத்து வேற்றுமை இருந்தது. அதை இருவரும் மறைக்கவில்லை. ஆனால் குடி ஏழையைக் கொல்லும் என்பதிலும், தீண்டாமை பாவம் என்பதிலும் இருவருக்கும் ஒரே எண்ணம். ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. சட்டம் கடையை மூடியது. அசரியா மனத்தை மூடச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் குடி ஒழியும்.

கடைசி நாள்

1939 ஜனவரி 6-ஆம் தேதி தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் தூணும் மசூதிக் குவிமாடமும் கலந்த அழகிய கட்டடம். கட்டி முடிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அசரியா கண்ட இன்னொரு கனவு, பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்பது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அவர் இல்லை.

1945 ஜனவரி 1-ஆம் தேதி, புத்தாண்டு நாளன்று, தோர்ணக்கல்லில் அவர் உயிர் பிரிந்தது. வயது 70. எந்த ஊருக்கு அந்நியராக வந்தாரோ அந்த ஊர் மண்ணிலேயே அடங்கினார்.

அவர் காட்டிய நான்கு பேய்களும் இன்னும் சாகவில்லை. கள்ளுக்கடை போய் வேறு கடை வந்திருக்கிறது. கடன் சீட்டு போய் வேறு சீட்டு வந்திருக்கிறது. ஏரிக்கரை வீடானாலும் மலையடி வீடானாலும் அவை வாசலில் நிற்கின்றன.

விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களும், மண்டியிட்டு ஜெபிக்கிறவர்களும், தொழுகிறவர்களும் அன்றாடம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். குடிதண்ணீர்ப் பானை மூடியிருக்கிறதா? இன்றைய கூலி வீடு வந்து சேர்ந்ததா? பிள்ளை பள்ளிக்குப் போயிற்றா?

ஆம் என்று சொல்ல முடிந்தால், அந்த வீட்டில் அன்றைய வழிபாடு முழுமையாக நடந்தது என்று பொருள்.